வீட்டில் செய்ததுதானே!

‘வீட்டில் செய்ததுதானே!’ என்னும் தொடர் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் ஆண்டு முழுவதும் ஒலிப்பது. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் அதன் ஒலி இன்னும் மிகுதி. அத்தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. உறவினர் வீட்டிலிருந்து வந்த டின்னைத் திறந்து, சூஜி பிஸ்கட் ஒன்றை வாயில் இட்டு, ‘கடைச் சரக்கா இது? வீட்டில் செய்தது!’ என்று ஒருவர் வியக்கும்போது அது பாராட்டு. அதே பிஸ்கட்டை ஒரு பெண் ஜாடியில் அடுக்கி, மூடியின்மேல் விலை எழுதி ஒட்டிவைத்தால், ‘இவ்வளவு விலையா? வீட்டில் செய்ததுதானே!’ என்று அதே நாக்கு பேரம் பேசுகிறது. அப்போது அது இகழ்ச்சி. கொடையாக வந்தால் விலைமதிப்பற்றது; விலைக்கு வந்தால் மதிப்பே அற்றது. மாவும் ஒன்று, வெண்ணெயும் ஒன்று, பிசைந்த கையும் ஒன்று. மாறியது எது?

இதனை அடுக்களைச் சச்சரவு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். பெண்டிரின் சில்லறை மனத்தாங்கலுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்போரும் உளர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலிக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய சமுதாயம் இது. ஒருவர் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை இறாத்தல் பால் எடுத்தார், அதற்குக் கங்காணியும் கிராணியும் எழுதிய கணக்கு சரிதானா என்று கேட்கக் கற்றுக்கொண்ட சமுதாயம். அதே சமுதாயம், தன் வீட்டு ஓவன் முன்னால் நள்ளிரவு வரை நிற்பவளின் வேலையை மட்டும் கணக்கில் எடுக்க மறுக்கிறது. அந்த மறுப்புத் தற்செயலானதன்று. அதனால் பயன் பெறுவோர் பலர்.

இந்நாட்டுத் தீபாவளித் தட்டில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் ஓமப்பொடியும் மட்டுமே இருந்த காலம் கழிந்து நெடுநாளாயிற்று. சூஜி பிஸ்கட், சோளச்சீவல் பிஸ்கட், அன்னாசி டார்ட், பட்டர் கேக், அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கும் சரவாக் கேக் லாப்பிஸ் எல்லாம் அத்தட்டில் உரிமையோடு அமர்ந்துவிட்டன. தமிழ்க் கிறித்துவர் வீடுகளில் கிறிஸ்துமசுக்குப் பல வாரங்களுக்கு முன்பே உலர்ந்த பழங்கள் ஊறத் தொடங்குகின்றன. பிறந்தநாள் என்றால் அணிச்சல் வெட்டாமல் முடிவதில்லை. நிச்சயதார்த்தச் சீர்த்தட்டுகளின் வரிசையிலும், பூவுக்கும் புடவைக்கும் நடுவே, இரண்டடுக்கு அணிச்சல் இடம்பிடித்துவிட்டது. இவையெல்லாம் தமிழர் பண்டமா என்று மேடையில் வினவும் தூய்மைவாதிகளுக்கு விடை எளிது. அவர்கள் விரும்பி உண்ணும் காராசேவின் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அன்னாசியும் அவ்வாறே. அச்சு முறுக்கை மலாய்க்காரர் குவே லோயாங் என்று அழைத்துத் தம் பண்டமாகவே செய்கின்றனர். ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அதே போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கின்றனர். பண்டத்துக்குக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டுப் பயனில்லை. அதை யார் செய்தார், எத்தனை மணி நேரம் நின்று செய்தார் என்பதே இங்கே வினா.

அன்னாசி டார்ட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிடலாம். 100 டார்ட்டுக்கு நடுத்தர அளவில் நான்கு பழங்களாவது வேண்டும். தோல் சீவி, கண்களைத் தோண்டி, துருவி முடிக்க முக்கால் மணி நேரம். சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் சேர்த்து, நீர் சுண்டி உருண்டை பிடிக்கும் பதம் வரும்வரை கிளற இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் கரண்டியை வைத்துவிட்டு நகரலாம். கடைசி அரை மணி நேரம் கையெடுக்க முடியாது. எடுத்தால் அடிபிடிக்கும். எடுக்காவிட்டால் கொதிக்கும் ஜாம் தெறித்துக் கையைச் சுடும். வெண்ணெயையும் மாவையும் சேர்த்துப் பிசைய அரை மணி. இந்நாட்டு வெப்பத்தில் வெண்ணெய் இளகி மாவு கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலால் விடியற்காலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ இவ்வேலையைத் தொடங்குவது பலர் வழக்கம். பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு வருபவளுக்கு அந்த நேரம்தான் கிடைக்கிறது என்பது வேறு செய்தி. பின்பு, ஒரு டார்ட்டை உருட்டி, வடிவம் கொடுத்து, தட்டில் வைக்க ஒரு நிமிடம். இது கைதேர்ந்தவர் கணக்கு. நூற்றுக்கு 100 நிமிடம். முட்டை மஞ்சள் தடவித் தட்டுத் தட்டாகச் சுட்டெடுப்பதில், உருட்டும் நேரத்தோடு கலந்தது போக, எஞ்சுவது 35 நிமிடம். ஆறவைத்து, ஜாடியில் அடுக்கி, பிசுபிசுத்த பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்க்க இன்னோர் அரை மணி. ஆக ஆறு மணி நேரம்.

மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் சிறிய முதலாளிகளுக்கும் பொருந்திய குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஆறு மணி நேரத்துக்கு 52 வெள்ளி 32 காசு ஆகிறது. ஐம்பது ஐம்பதாக இரண்டு ஜாடி என்றால், ஒரு ஜாடிக்கு 26 வெள்ளி 16 காசு. இதில் வெண்ணெய் சேரவில்லை. மாவு, முட்டை, பழம், எரிவாயு, மின்சாரம் சேரவில்லை. ஜாடியும் அதன் சிவப்பு மூடியும்கூடச் சேரவில்லை. வெறுங்கையின் கூலி மட்டும் இது. அதுவும் தேர்ந்த கைக்குரிய கூலியன்று. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சட்டம் கொடுக்கச் சொல்லும் அடிமட்டக் கூலி. வீட்டுப் பணியாளரை மட்டும் அந்தச் சம்பள ஆணை விலக்கி வைத்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டுக்குள் நடப்பது வேலையன்று என்னும் எண்ணம் சட்டம் இயற்றுவோரையும் விட்டுவைக்கவில்லை.

ஒரே நாளில் நான்கு பங்கு செய்தால் நேரம் மிச்சமாகுமே என்று வணிகம் தெரிந்தவர் எதிர்வாதம் செய்யக்கூடும். கிளறும் நேரம் மிச்சமாகும். உருட்டும் நேரம் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. 400 டார்ட்டை 400 முறைதான் உருட்ட வேண்டும். கேக் லாப்பிஸ் நிலை இன்னும் கடினம். ஓர் அகப்பை மாவை ஊற்றிப் பரப்பி, மேற்சூட்டில் வேகவிட்டு, அது பொன்னிறமானதும் அடுத்த அகப்பையை ஊற்ற வேண்டும். 18 அடுக்கு, அடுக்குக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஓவன் கதவை விட்டு அகல முடியாது. ஓர் அடுக்குக் கருகினால் அதன் கசப்பு முழு அணிச்சலிலும் ஏறிவிடும். தேர்ந்த தச்சனின் ஒருநாட் கூலியைக் கேட்டால் வாய் திறவாமல் கொடுப்பவர், இதற்கு மட்டும் ‘மாவும் முட்டையும்தானே’ என்கிறார். அவர் வீட்டு மேசையையும் மரமும் ஆணியும்தானே என்று தச்சனிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

இவ்விடத்தில் ஒரு பெருங்குரல் எழும். அன்புக்கும் விலை போடுவதா? பலகாரம் கொடுப்பதும் வாங்குவதும் உறவின் அடையாளம் அல்லவா? அதில் மணிக்கணக்கும் காசுக்கணக்கும் நுழைந்தால் குடும்பம் கடையாகிவிடாதா? கேட்பதற்கு உருக்கமான வினாக்கள். ஆனால் இவற்றைக் கேட்பவர் யாவர் என்று பார்த்தால், பெரும்பாலும் மாவு பிசைந்தவர் அல்லர், பிஸ்கட் தின்றவர். மேலும், அன்பையும் கணக்கையும் ஒன்றுக்கொன்று பகை என்று முன்னோர் ஒருநாளும் கருதியதில்லை. திருமண வாயிலில் மேசை போட்டு, யார் எவ்வளவு மொய் வைத்தார் என்று ஏட்டில் எழுதி, அந்த ஏட்டை இருபது ஆண்டுகள் அலமாரியில் பூட்டிவைக்கும் சமுதாயம், அன்புக்குக் கணக்கா என்று அதிர்ச்சியடைவது வேடிக்கையே.

பலகாரத் தட்டு வழக்கத்திலும் கணக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன தட்டு வெறுந்தட்டாகத் திரும்பாது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும். மலாய் அண்டைவீட்டாரிடமிருந்து நோன்புப் பெருநாளுக்குக் குவே பாவுலு வரும். சீன அண்டைவீட்டாரிடமிருந்து புத்தாண்டுக்கு ஆரஞ்சும் குவே கப்பிட்டும் வரும். கரி நெருப்பை மேலும் கீழும் இட்டுப் பித்தளை அச்சில் பாவுலு சுட்டவளுக்கு, முறுக்கு பிழிந்தவளின் தோள்வலி தெரியும். ஆகவே அது உழைப்புக்கு உழைப்பு. இன்று நடப்பது என்ன? ஒரு பக்கத்திலிருந்து பன்னிரண்டு வகைப் பலகாரம் போகிறது; மறுபக்கத்திலிருந்து ஒரு நன்றிச் செய்தி கைப்பேசிக்கு வருகிறது, சில வேளைகளில் ‘அடுத்த முறை சர்க்கரையைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்னும் அறிவுரையோடு.

தோட்டத்து லயங்களின் பலகாரக் காலத்தைப் பொற்காலமாகத் தீட்டிக் காட்டுவது எழுத்துலகில் ஒரு பழக்கமாகிவிட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போய், பால் வெட்டி முடித்து, பிள்ளை குட்டிகளைப் பார்த்து, அதன்பின் இரவில் மாவிடித்த பெண்ணுக்கு அது பொற்காலமா என்பது ஐயமே. எனினும் அங்கே ஒன்று இருந்தது: பல கைகள் இருந்தன. இன்று இந்த வீட்டில் முறுக்கு, நாளை அடுத்த வீட்டில். ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி உழக்கைப் பிடித்துப் பிழிய, ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்க, சிறுவர் பிஸ்கட் டின்களைத் துடைத்துத் தாள் விரிக்க, வேலை நகரும். இன்று வந்து பிழிந்து கொடுத்தவளுக்கு நாளை போய்ப் பிழிந்து கொடுப்பது கடமை. அது தவறினால் பேச்சு எழும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பின்னர் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் மாறியும், குடும்பங்கள் நகர்ப்புறத்துக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபின், அந்தப் பல கைகள் சிதறிப்போயின. பல கைகளின் வேலை ஒரு கைக்கு வந்து சேர்ந்தது. வேலை குறையவில்லை, வகைகள் கூடின. ஐந்து டின் பத்தாயிற்று. அலுவலக நண்பர்கள், கணவனின் மேலாளர், பிள்ளைகளின் ஆசிரியர், திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவோர் எனப் பெறுவோர் பட்டியல் நீண்டது. செய்வோர் பட்டியலில் மட்டும் அதே ஒரு பெயர்.

இப்படியிருக்க, ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு விழா மேடையில் ஒருவர் எழுந்து, ‘இக்காலப் பெண்கள் பலகாரம் செய்வதை மறந்தனர்; பேரங்காடியில் வாங்கி அடுக்குகின்றனர்; பண்பாடு அழிகிறது’ என்று முழங்குகிறார். கைதட்டலும் எழுகிறது. அப்பேச்சாளர் தம் வாழ்நாளில் எத்தனை முறுக்குப் பிழிந்திருப்பார்? பண்பாடு அவ்வளவு அரியதாயின் அதைக் காக்கும் பொறுப்பில் பாதியை ஆடவர் ஏற்பதற்குத் தடை என்ன? உழக்கைச் சுழற்றுவதற்கு ஆணின் தோள்தான் இன்னும் பொருத்தம். அதே விழாவின் தேநீர் இடைவேளையில் மேசைமேல் இருக்கும் பட்டர் கேக் மகளிர் பிரிவின் அன்பளிப்பு. நாற்காலிக்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்குக் கட்டணம் உண்டு. பேச்சாளரின் கழுத்தில் விழும் மாலைக்கும் விலை உண்டு. அணிச்சலுக்கு மட்டும் நன்றியுரையில் ஒரு வரி. அதுவும் நேரமின்மையால் சில வேளை விடுபட்டுப்போகும்.

கொடை என்பது கொடாதிருக்கவும் உரிமை உள்ளவர் கொடுப்பது. அவ்வுரிமை இல்லாதபோது அதற்கு வரி என்று பெயர். மூத்த மருமகள் ஆண்டுதோறும் எட்டு டின் செய்து நாத்தனார் வீடுகளுக்கு அனுப்புகிறாள். ஓராண்டு உடல்நலம் குன்றி அனுப்பாமற் போனால், ‘என்ன, இந்த முறை டின்னைக் காணோம்?’ என்னும் வினா தீபாவளிக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. வரி பாக்கிக்கு அனுப்பும் அறிவிப்புக்கும் அவ்வினாவுக்கும் என்ன வேற்றுமை? அந்த டின்களைக் காரில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய், ‘எங்கள் வீட்டுப் பலகாரம்’ என்று பெருமையோடு நீட்டுபவர் பெரும்பாலும் கணவர். ‘எங்கள்’ என்னும் அந்தப் பன்மையில் ஒருமைதான் வேலை செய்திருக்கிறது. இதே வேலை ஒரு தங்கு விடுதியின் சமையற்கூடத்தில் நடந்தால் அதற்கு வெள்ளைத் தொப்பியும், மாதச் சம்பளமும், ஆண்டு விடுப்பும் உண்டு. அங்கே ஆடவர் விரும்பிப் போய்ப் பயில்கின்றனர். அது தொழில் என்று மதிக்கப்படுகிறது. மாவு மாறவில்லை; இடம் மாறியிருக்கிறது.

வணிகர் இந்த உளவியலை நன்கு அறிவர். பேரங்காடித் தட்டுகளில் அடுக்கப்படும் தொழிற்சாலைப் பிஸ்கட் ஜாடிகளின்மேல் ‘ஹோம்மேட்’ என்றும் ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்றும் அச்சிட்டு விற்பது எதற்காக? அச்சொல் விலையை உயர்த்தும் என்பதால். பாட்டியின் கையே படாத பண்டத்துக்கு அச்சொல்லால் விலை ஏறுகிறது. பாட்டியே செய்து விற்க வந்தால் அதே சொல்லால் விலை இறங்குகிறது. பேரங்காடியின் காசாளரிடம் எவரும் பேரம் பேசுவதில்லை. உறவுக்காரப் பெண்ணிடம் மட்டுமே பேசுகின்றனர்.

வீட்டிலிருந்து செய்து விற்கும் பெண்கள் சந்திக்கும் இழப்புகளில் பேரம் சிறியதே. கடன் பெரிது. ‘அக்கா, சனிக்கிழமை பாப்பாவுக்குப் பிறந்தநாள், ஒரு கேக் செய்துகொடுங்கள்’ என்று வியாழன் இரவு செய்தி வரும். மறுக்க முடியாது; உறவு. பணம் எப்போது என்று கேட்கவும் முடியாது, அதுவும் உறவு. குழந்தையின் பெயரையும் வயதையும் எழுதிய அணிச்சலைக் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அதை வேறு யாருக்கும் விற்க இயலாது. அந்நியர் முன்பணம் கட்டி, சொன்ன நேரத்தில் வந்து, நன்றி கூறி எடுத்துப்போகின்றனர். சொந்தங்கள்தாம் எடுத்துப்போனபின் பேசாமல் இருந்துவிடுகின்றனர். இதனால் நொந்து, உறவினரிடம் அணிச்சல் செய்வதையே மறைக்கும் பெண்களும் உண்டு.

இத்தொழில் எத்தனை வீடுகளுக்கு உயிர்மூச்சு என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சம்பளம் இழந்த வீடுகள் பலவற்றில் ஓவன்தான் அடுப்பெரிய வைத்தது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் சிறிய அளவில் உணவு செய்து விற்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைத்தலும் வாசலில் விளம்பரப் பலகை மாட்டுதலும் கூடாது. அந்நாட்டில் 2020 ஏப்ரலில் நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் கடுமையானபோது வீட்டு உணவு வணிகமும் நிறுத்தப்பட்டது. மே 12இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் மே 24. நோன்பு மாதத்தில் விற்றால்தான் ஆண்டுக்குப் பணம் என்று வெண்ணெயும் மாவும் வாங்கி வைத்திருந்தோர்க்கு அந்த வாரங்கள் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பொழுதுபோக்கு என்று அழைப்பவர், பொழுதுபோக்கைத் தடைசெய்தால் வீட்டு வாடகை ஏன் நிலுவையாகிறது என்று விளக்க வேண்டும்.

வேலை என்னும் பெயரை அடுக்களைக்குக் கொடுப்பதில் உலகம் சற்றே அசைந்திருக்கிறது. நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மேரிலின் வேரிங், நாடுகளின் வருமானக் கணக்கேடுகள் பெண்களின் ஊதியமில்லா உழைப்பை எவ்வாறு விட்டுவிடுகின்றன என்பதை 1988இல் நூலாக எழுதி வெளியிட்டார். மலேசியாவில் 2022ஆம் ஆண்டின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. வீட்டு வேலை செய்கையில் நேரும் விபத்துக்குச் சொக்சோ வழியாகப் பாதுகாப்பு. கொதிக்கும் ஜாம் பட்டுக் கை வெந்தால் அது வேலையினால் நேர்ந்த விபத்தென்று அரசாங்கமே ஏற்கிறது. விபத்து வேலையினால் நேர்ந்தது என்றால், நடந்துகொண்டிருந்தது வேலை என்பது தானே பெறப்படும். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட இதை மாமியாரும் நாத்தனாரும் சங்கத் தலைவரும் ஏற்றுக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டு தேவை?

கடையில் வாங்குவதைக் குற்றமென்று கூறுவோருக்கும் இங்கே விடை சொல்ல வேண்டும். வாங்குவதே பண்பாகும் இடங்கள் உண்டு. முஸ்லிம் அண்டைவீட்டாருக்கு ஹலால் முத்திரையிட்ட டின்னைக் கொடுப்பது அவர்தம் நெறியை மதிப்பது. மதுவில் ஊறிய பழமோ, எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஜெலட்டினோ கலந்த அணிச்சலைக் கொடுத்து அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவதைவிட அது எவ்வளவோ மேல். சைவ வீட்டுக்கு முட்டை சேர்த்த பிஸ்கட்டை அன்போடு அனுப்புவதால் என்ன பயன்? உடல்நலம் குன்றியவள், இரட்டை வேலை பார்ப்பவள், அல்லது சமையலில் விருப்பமே இல்லாதவள் கடையில் வாங்கிக் கொடுத்தால் அதிலும் அவள் உழைத்துச் சேர்த்த பணம் இருக்கிறது. அதை இழிவாகப் பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கடைச் சரக்கை வேறு ஜாடிக்கு மாற்றி, தாமே செய்ததாகச் சொல்லிக் கொடுக்கும் பொய் மட்டும் வேண்டாம். அப்பொய்யைச் சொல்லத் தூண்டுவதும் அந்தப் பட்டியல் நீண்ட வரிதான்.

விரும்பிச் செய்பவர் உளர். அவர் தொகையும் சிறிதன்று. ஓவனைத் திறக்கும்போது வரும் வெண்ணெய் மணத்துக்காகவே ஆண்டெல்லாம் தீபாவளியை எதிர்நோக்கும் பெண்கள் இருக்கின்றனர்; ஆடவரும் சிலர் இருக்கின்றனர். அவர் மகிழ்ச்சியை எவரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் மகிழ்ச்சியைக் காட்டி மற்றவர் உழைப்பை இலவசமாகக் கறக்கும் தந்திரம் நிற்க வேண்டும். குடும்பங்களில் இதற்கு வழி கடினமன்று. எத்தனை டின், யாருக்கு என்று பேசும் அதே நாற்காலியில் அமர்ந்து, அன்னாசியின் கண் தோண்டுவது யார், ஜாம் கிளறுவது யார், ஒரு மணிக்குப் பாத்திரம் கழுவுவது யார் என்பதையும் பேசி முடிக்கட்டும். கைகள் இரண்டுக்கு மேல் கிடைக்காவிட்டால் டின்களும் எட்டிலிருந்து இரண்டாகட்டும். விலைக்குச் செய்யும் உறவினரிடம் வாங்குவோர் பேரங்காடியில் கொடுப்பதுபோல் கையோடு முழுப் பணத்தைக் கொடுக்கட்டும்.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் கோயில் செயற்குழுக்களும் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த விழாவின் வரவு செலவுத் திட்டத்தில் அணிச்சலுக்கும் பலகாரத்துக்கும் பொருட்செலவும் கூலியும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும் கணக்கறிக்கையில், நாற்காலி வாடகைக்கு அடுத்த வரியில், அதற்கும் ஓர் எண் இருக்கட்டும். செய்துகொடுத்த பெண்கள் அத்தொகை வேண்டாமென்று சங்கத்துக்கே திருப்பிக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது அது நன்றியுரையில் விடுபட்டுப்போகாது. நன்கொடையாளர் பட்டியலில், மற்றப் பெருமக்களின் பெயர்களோடு, அவரவர் பெயரும் தொகையும் அச்சேறும்.